கழுவிய கைகளில் குழந்தை

பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டுவது பற்றி ஒரு பங்குக் குரு எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. குருமடத்தில் நாம் தண்ணீரைப் பற்றி நிறையவே பயின்றோம். படைப்பின் தொடக்கத்தில் இருந்த தண்ணீர், செங்கடலின் தண்ணீர், யோர்தானின் தண்ணீர் என இறையியல் நூல்கள் வழியாக நெடுந்தொலைவு நடந்தோம். ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு குழந்தையின் தலைமேல் எந்தச் சூட்டில் விழவேண்டும் என்பதை நமக்குக் கற்றுத் தந்தவர்கள் தாய்மாரே.

திருமுழுக்குச் சடங்கு நூலின் பொது முன்னுரையில் ஒரு சிறு குறிப்பு உண்டு. தட்பவெப்ப நிலைக்குத் தேவையெனில் தண்ணீரை முன்னதாகவே சூடாக்கிக்கொள்ள ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது அது. மீட்பின் மறைபொருளை விளக்கும் நூல், குழந்தைக்குக் குளிரும் என்பதையும் மறக்கவில்லை. எசேக்கியேல் இறைவாக்கினர் தம் நூலின் 16-ஆம் அதிகாரத்தில் எருசலேமைக் கைவிடப்பட்ட ஒரு குழந்தையாகக் காட்டுகிறார். யாரும் அதைத் தண்ணீரால் கழுவவில்லை என்பதும் அது கைவிடப்பட்டதன் அடையாளங்களுள் ஒன்று. அப்படியானால், ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவது 'நீ கைவிடப்படவில்லை' என்று அதனிடம் சொல்வதாகும். அச்செயலைக் கேடின்றிச் செய்வது எப்படி என்று சிந்திப்பது நமக்கு அந்நியமான வேலை அன்று.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் கரிசல் ஊர்களில் பணிபுரியும் நமக்கு, வீடு சந்திப்பின்போது இக்காட்சி பழகிப்போன ஒன்று. பிள்ளை பெற்ற மகள் தாய் வீட்டில் இருப்பாள். காலை வெயில் ஏறி, காற்றின் ஈரம் அகன்றபின், அம்மாச்சி தரையில் கால்களை நீட்டி அமர்வார். கால்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் குழந்தை மல்லாந்து கிடக்கும். ஒரு கை பிடரியைத் தாங்க, மறு கை எண்ணெய் தடவும், மாவு தேய்க்கும், வெந்நீரை மொண்டு ஊற்றும். இந்த முறையில் ஓர் அரிய நன்மை உண்டு. ஊற்றிய நீர் உடனே வழிந்தோடிவிடும். குழந்தையைச் சுற்றித் தேங்குவதில்லை. தொட்டியில் தேங்கிய நீர் சில விரற்கடை ஆழமே இருந்தாலும், கவனம் பிசகினால் ஓசையின்றி உயிரைக் குடித்துவிடும். அம்மாச்சியின் கால்களில் அந்த அச்சம் இல்லை. நம் முன்னோர் கண்ட முறையைப் பழமை என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அதே கைகளோடு சில வழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வந்துள்ளன. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், மூக்கில் வாய்வைத்து ஊதுதல், தொண்டைக்குள் விரல்விட்டுச் சளி எடுத்தல், உரம் எடுப்பதாகக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குதல் ஆகியவை அவற்றுள் சில. மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழல் வழியே இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும். பிறந்த சில நாள்களில், ஆணாயினும் பெண்ணாயினும், குழந்தையின் மார்பு சற்று வீங்கியிருப்பது உண்டு. தாயின் உடலிலிருந்து வந்த சுரப்புநீரால் ஏற்படும் அவ்வீக்கம் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். அதைப் பாலெடுப்பதாகச் சொல்லிப் பிதுக்கினால் சீழ் பிடிக்கும். குளித்த குழந்தையைச் சாம்பிராணிப் புகைக்குள் காட்டுவதும் அதன் சிறிய மூச்சுப்பைக்கு நல்லதன்று. முகத்தின் அருகே பவுடரைக் கொட்டுவதும் அப்படியே.

பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்டவேண்டும் என்ற அவசரமும் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பேறுகாலப் பிற்கவனிப்புப் பரிந்துரைகளின்படி, முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும். வழக்கம் காரணமாக அவ்வாறு இயலாவிட்டால் 6 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். தாயின் வயிற்றுக் கதகதப்பிலிருந்து வந்த உடல், வெளிக்காற்றில் தன் சூட்டைக் காத்துக்கொள்ள அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. தோலின்மீது வெண்ணெய்போல் படிந்திருக்கும் வெண்படலம் அழுக்கன்று. இயற்கை பூசிய காப்பு. அதைத் தேய்த்தெடுக்கக் கூடாது. தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்று அல்லது இரண்டு வாரமாகும். அதுவரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால் துடைத்தாலே போதும். தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ வைக்காமல், உலர்ந்தபடி விட்டுவிட வேண்டும்.

அதன்பிறகும் அன்றாடம் தலைக்கு ஊற்றவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை குளிப்பாட்டி, மற்ற நாள்களில் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றைத் துடைத்துவிட்டால் குழந்தை தூய்மையாகவே இருக்கும். குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் நம் ஊர்களுக்கு இது ஓர் ஆறுதலான செய்தி.

தண்ணீரின் சூடு ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ், அதாவது நம் உடலின் சூடு, இருந்தால் போதும். அளவுமானி வேண்டியதில்லை. முழங்கையை நனைத்துப் பார்த்தால், சூடும் குளிரும் தெரியாமல் இதமாக இருக்கவேண்டும். விரலை நம்பலாகாது. அடுப்பிலும் ஆலையிலும் காய்த்துப்போன விரல் பொய் சொல்லும். பாத்திரத்தில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி, பிறகு வெந்நீரைக் கலக்கி, அதன்பின்னரே குழந்தையைக் கிடத்தவேண்டும். கொதிநீர்ப் பானை குழந்தைக்கு எட்டாத தொலைவில் இருக்கட்டும். 60 பாகை சூடுள்ள நீர் வளர்ந்தவர் தோலையே சில நொடிகளில் சுட்டுவிடும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அந்த நொடிகளும் தேவையில்லை. நம் வட்டாரத்தில் இன்னொரு கேடும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் நீர் நண்பகலில் அடுப்பில் வைத்ததுபோல் கொதித்துக் கிடக்கும். குழாய்த் தண்ணீர்தானே என்று நேராக ஊற்றிவிடக் கூடாது. தவறிச் சுட்டுவிட்டால் மையோ பற்பசையோ தடவ வேண்டாம். சுட்ட இடத்தில் மட்டும் சாதாரண நீரை 20 நிமிடம் ஓடவிட்டு, மற்ற உடலைக் கதகதப்பாகப் போர்த்தி, தூய துணியால் புண்ணை மூடி, மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்லப்போவது பட்டாசு மண்ணுக்கே உரியது.

நம் ஊர்களில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நோய்க்கு உண்பதும் மருந்து. வெடிக்குள் செலுத்துவதும் மருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் முதலியன கலந்த அந்த மருந்தோடுதான் நம் தாய்மார் பலரின் பகல் கழிகிறது. அலுமினியத் தூள் படிந்த கைகள் வெள்ளி பூசியவைபோல் மினுங்கும். கழுவியபின்னும் நகக்கண்ணில் நிற்கும். தலைமுடியில், சேலை மடிப்பில், வளையலின் உட்புறத்தில் ஒளிந்துகொண்டு வீடுவரை வரும். பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. ஆனால் தடைக்கு உட்படாத பொருள்களும் பச்சிளந்தோலுக்கு ஏற்றவை அல்ல. குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. தாயின் விரல், சேலை, தாலிச்சரடு என எதையும் அது வாயில் வைக்கும். கண்ணைத் தேய்த்த கையை உடனே சப்பும்.

சிவகாசிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நாம் அன்பியக் கூட்டத்திற்குச் சென்றிருந்த மாலை நினைவுக்கு வருகிறது. ஆலை வேன் வந்து நின்றதும் பெண்கள் இறங்கினார்கள். அவர்களுள் ஓர் இளந்தாயின் பத்துமாதக் குழந்தை, திண்ணையில் மாமியாரின் மடியிலிருந்து இரு கைகளையும் நீட்டிக் கதறியது. அந்தப் பெண்ணோ குழந்தையின் பக்கம் வராமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போனாள்.

"ஏத்தா, பெத்த புள்ள இந்த அழுகை அழுகுது. மொதல்ல தூக்கு. குளிக்கிறது எங்கிட்டும் ஓடிப்போகாது" என்று மாமியார் குரல் கொடுத்தார்.

"மேலெல்லாம் மருந்து, அத்தை. கழுவிட்டு வாரேன்" என்ற பதில் ஓலைத்தட்டிக்கு அப்பாலிருந்து வந்தது.

கிராம சுகாதாரச் செவிலியர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். தலையிலிருந்து பாதம்வரை சோப்பிட்டுக் குளித்து, வேறு சேலை உடுத்தி, நகக்கண்ணைத் துலக்கியபின்னரே குழந்தையைத் தொடவேண்டும் என்பது அவள் தனக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கு. அதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. அத்தனை நேரமும் குழந்தை அழுதது. பகலெல்லாம் பிரிந்திருந்த தாய்க்கு அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்பதை, பிள்ளை பெறாத நாம் முழுமையாக உணர இயலாது. ஈரத் தலையோடு வந்து குழந்தையை அவள் வாரி எடுத்தபோது, மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய வருத்தமும் பொய்யன்று. அழும் குழந்தையை உடனே எடுப்பதே அன்பு என்று ஒரு வாழ்நாள் முழுவதும் நம்பியவர் அவர்.

சில மாதங்கள் கழித்து மீண்டும் சென்றபோது, ஓலைத்தட்டிக்குப் பின்னால் இரண்டு குடம் தண்ணீரும், சோப்பும், துவைத்த சேலையும் வேன் வருவதற்கு முன்பே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. "தண்ணி எடுத்து வச்சிட்டா புள்ள கொஞ்ச நேரந்தானே சாமி அழும்" என்றார் அந்த மாமியார். பிள்ளைக்கு வெந்நீர் வைத்த கை மருமகளுக்கும் தண்ணீர் வைக்கத் தொடங்கியிருந்தது. காத்திருக்கச் செய்த தாயும், காத்திருக்கும் நேரத்தைக் குறைத்த பாட்டியும் அந்தக் குழந்தையை ஒரே அளவில்தான் நேசித்தார்கள்.

கையோடு வந்து சேரும் கேடு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1847-ஆம் ஆண்டு வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் ஓர் உண்மையைக் கண்டார். பிணங்களை அறுத்து ஆய்ந்த மருத்துவர்களும் மாணவர்களும் அங்கிருந்து நேராகப் பேறுகால அறைக்கு வந்தார்கள். அவர்கள் தொட்ட தாய்மார் காய்ச்சலில் மடிந்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இறந்தனர். கைகளைக் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கழுவிய பிறகே உள்ளே வரவேண்டும் என்று அவர் விதித்தார். ஜூன், ஜூலை மாதங்களில் இறப்பு நூற்றுக்கு 2 என்ற அளவிற்குக் குறைந்தது. ஆனால் தம் கைகளே கேட்டைச் சுமந்து வந்தன என்பதை ஏற்கப் பல மருத்துவர்களுக்கு மனம் வரவில்லை. நல்ல எண்ணமே கைகளைத் தூய்மையாக்கிவிடும் என்று எண்ணுவது கற்றவரையும் பிடிக்கும் மயக்கம். கல்லாத ஒரு தாய் அதைத் தாண்டியிருக்கிறாள் என்றால், அவளை நாம் போற்றவேண்டும். 2015-இல் தமிழக அரசு அறிமுகப்படுத்திய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில், குழந்தைக்குரிய சோப்பு, துண்டு ஆகியவற்றோடு தாய் கை கழுவுவதற்கான திரவமும் வைக்கப்பட்டிருந்தது இங்கு எண்ணத்தக்கது.

வேலைக்கு உடுத்திய சேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். அதைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. நைந்துபோன பருத்திச் சேலையைத் தொட்டில் கட்டுவதும், கிழித்துக் குழந்தைக்கு விரிப்பதும் நம் வழக்கம். ஆலைக்கு உடுத்திய சேலை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் தொட்டிலாகக் கூடாது. எல்லாவற்றிலும் கொடிய கேடு வேறொன்று. மருந்துத் தூள் படிந்த சேலையோடு, குழந்தைக்கு வெந்நீர் வைக்க விறகடுப்பின் முன் குந்துவது. ஒரு பொறி போதும். அனுமதியின்றி வீட்டுக்குள் கருந்திரியும் வெடியும் செய்யும் குடும்பங்களுக்கு நாம் சொல்லவேண்டியது இன்னும் கடுமையானது. மருந்து இருக்கும் கூரையின்கீழ்க் குழந்தை இருக்கலாகாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த பெருவிபத்தை இம்மண் மறக்கவில்லை. வீட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு கூடை மருந்தும் அதே குணம் கொண்டதுதான்.

தவழத் தொடங்கிய குழந்தைக்குக் குளியல் நேரம் முடிந்தபின்னும் தண்ணீரால் ஆபத்து உண்டு. பல நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊர்களில் அண்டா, டிரம், சிமெண்டுத் தொட்டி என்று வீடெங்கும் சேமித்து வைக்கிறோம். எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் தானே நிமிர இயலாது. இறுக்கமான மூடி குழந்தையையும் காக்கும். டெங்குக் கொசு முட்டையிடாமலும் தடுக்கும். குளிப்பாட்டும்போது செல்பேசி ஒலித்தாலும், வாசலில் யாரேனும் அழைத்தாலும் குழந்தையை விட்டு எழுந்திருக்கலாகாது. போயே தீரவேண்டுமானால் துண்டில் சுற்றிக் குழந்தையையும் எடுத்துக்கொண்டு போகவேண்டும். எட்டு வயது அக்காளிடம் தம்பியைக் குளிப்பாட்டும் பொறுப்பை விட்டுவிட்டு வேன் ஏறும் தாய்மார் நம்மிடையே உண்டு. அவர்களை நாம் குறைகூறவில்லை. ஆனால் அந்தச் சிறுமியின் கைகள் வழுக்கும் குழந்தையைத் தாங்கும் வலிமை பெறவில்லை. குளியலை மாலைக்கு, வளர்ந்தவர் ஒருவர் வீட்டில் இருக்கும் நேரத்திற்குத் தள்ளிவைப்பதே முறை. ஒருநாள் குளிக்காததால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போவதில்லை.

இந்தப் பொறுப்பை எல்லாம் பெண்கள் தலையிலேயே ஏற்றிவிட்டு நாம் அமைதியாக இருந்துவிடலாமா? தந்தையரும் ஆலையிலிருந்துதான் வருகிறார்கள். மருந்துக் கையோடு குழந்தையைக் கொஞ்சும் தந்தைக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். குளிப்பாட்டும் பணியில் அவர்களும் பங்குகொண்டால் ஆண்மை குறைந்துவிடாது. அடுத்து, தாய் வீட்டுக்கு வந்து கழுவும் மருந்து ஆலையிலேயே கழுவப்பட்டிருக்க வேண்டியதாகும். தொழிலாளர் கை, கால் கழுவிக்கொள்ளப் போதிய வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்தது. அதன் இடத்திற்கு வந்துள்ள புதிய தொகுப்புச் சட்டத்திலும் அக்கடமை தொடர்கிறது. குளிக்கும் இடமும், வேலை உடையை மாற்றி வைக்க ஓர் அறையும், போதிய தண்ணீரும் ஒவ்வோர் ஆலையிலும் இருந்தால், வேனிலிருந்து இறங்கும் தாய் நேராகத் திண்ணைக்கு வரலாம். குழந்தை அந்தக் கால் மணி நேரம் அழவேண்டியதில்லை. ஆலை உரிமையாளர்களுள் நம் வாசகர் எவரேனும் இருப்பின், இந்தக் கால் மணி நேரத்தை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று வேண்டுகிறோம்.

நம் பங்கில் திருமுழுக்கிற்குத் தயாரிக்கும் பெற்றோருக்கு இப்போதெல்லாம் ஒரு பத்து நிமிடம் இதற்காக ஒதுக்குகிறோம். செவிலியர் ஒருவர் வந்து பேசுகிறார். பாட்டிமாரையும் தவறாமல் அழைக்கிறோம்; அவர்கள் வராத கூட்டத்தில் பேசிப் பயனில்லை. தாங்கும் கையை மாற்றவேண்டாம், எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் மூக்கிலிருந்து விலக்குங்கள் என்று செவிலியர் சொல்லும்போது, அவர்கள் முதலில் வாதிட்டாலும் பிறகு கேட்டுக்கொள்கிறார்கள். பிற பங்குகளிலும் அன்பியங்களிலும் இதைச் செய்யலாம். செலவு ஏதும் இல்லை. மாலையில் வேன் வரும் நேரத்தில் உங்கள் தெருவில் ஒரு தாய் தண்ணீருக்குத் தவிப்பது தெரிந்தால், உங்கள் குடத்திலிருந்து ஒரு குடம் அவள் வீட்டுப் பின்புறத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.